ஜன்னலுக்கு வெளியே நின்றவர்

சூப்பர்ஹீரோ தொடரென்றால் வெறும் அடிதடி, அதில் உணர்ச்சி ஏது, பாத்திர வளர்ச்சி ஏது என்று யாராவது ஆரம்பித்தால் எனக்குச் சுர்ரென்று வரும். (அந்த உணர்ச்சியால் எனக்கு வந்த ஒரு சம்பந்தமே தவறிப்போகப் பார்த்தது. என்னிடமா கதை?)

தொண்ணூறுகளின் நடுவில், சூலூரில் இருந்தோம். பி.காம். முடித்துவிட்டு, ஞாயிறு பகலில் டிவியில் வரும் முகமூடி வீரருக்காக வாரம் பூராவும் காத்திருந்த எருமை நான். அந்த நேரம் பார்த்துத்தான் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளைக்குப் பீளமேடு, பம்ப் கம்பெனியில் வேலை. போட்டோவில் அந்த மீசையைப் பார்த்ததிலிருந்தே எனக்குச் சோறு இறங்கவில்லை. இந்த இடம் மட்டும் தட்டிப்போகக் கூடாதென்று சென்னிமலை முருகனை நச்சரித்துக்கொண்டிருந்தேன்.

பட்டுப்புடவையோடு டிவி முன்னால் உட்கார்ந்தேன். வாராவாரம் ரௌடிகளைத் தூக்கி வீசிக்கொண்டிருந்த மனுஷன், அன்றைக்கென்று தங்கை கல்யாணத்துக்குப் போக முடியாமல் தவிக்கிறார். போனால் அவர் யாரென்று எதிரிகளுக்குத் தெரிந்துவிடும். விஷயம் தெரியாத அம்மா வேறு திட்டித் தீர்க்கிறாள். (தொடர் ஹிந்தியில். எப்படிப் புரிந்தது என்று கேட்காதீர்கள். எங்கம்மா திட்டும்போதும் அதே முகம்தான்.) மனுஷன் மண்டபத்துக்கு வெளியே நின்று ஜன்னல் வழியாகத் தங்கையைப் பார்க்கிறார். அதற்குள் எங்கள் வாசலில் கார் சத்தம். அப்பா டக்கென்று டிவியை அணைத்துவிட்டார்.

காப்பித் தட்டோடு போனேன். அடக்க அடக்கப் பொங்கியது. கண்மை கன்னத்தில் இறங்கியது.

மாப்பிள்ளையின் அம்மா பதறிப்போனார். "ஏங் கண்ணு அழுவற? எங்க பையனப் புடிக்கலியா?"

"ஐயோ, ரொம்பப் புடிச்சிருக்குங்க!" (சபையில் எந்தப் பெண்ணும் சொல்லாத வார்த்தை. எங்கம்மா நெஞ்சில் கை வைத்தாள்.)

"பின்ன என்ன கண்ணு?"

"அவரு பாவமுங்க. ஆருகிட்டயும் சொல்ல முடியாம, வெளிய நின்னு ஜன்னல் வழியாப் பார்த்துட்டே இருக்காருங்க!"

மாப்பிள்ளையின் தாய்மாமன் எழுந்து வெளியே ஓடினார். நிஜமாகவே ஓர் ஆளைச் சட்டையைப் பிடித்து இழுத்து வந்தார். பக்கத்து வீட்டு விசைத்தறிக்காரர் பொன்னுச்சாமி அண்ணன்! இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். குழந்தைகள் பார்க்கும் தொடரை உள்ளே வந்து பார்க்கக் கூச்சப்பட்டு வாராவாரம் ஜன்னலோரம் நிற்பவர் என்பது எங்களுக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. அவர் கண்ணிலும் தண்ணீர். போச்சு, என் கல்யாணம் அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

"எத்தன நாளா நடக்குது இது?" என்று தாய்மாமன் உறுமினார்.

"மொத வாரத்துல இருந்துங்க," என்றார் பொன்னுச்சாமி அண்ணன். "ஏனுங்க, நல்ல கட்டத்துல டிவிய அணைச்சுப்போட்டீங்களே! அந்த மனுசன் தங்கச்சிகிட்டப் பேசுனாரா இல்லீங்களா?"

அதுவரை வாயே திறக்காத மாப்பிள்ளை எங்கப்பாவைப் பார்த்து, "டிவியப் போடுங்க மாமா, இன்னும் முடிஞ்சிருக்காது," என்றார். (மாமா! அத்தனை அழுகையிலும் அது என் காதில் சரியாக விழுந்தது.)

எல்லோருமாக உட்கார்ந்து பார்த்தோம். காப்பி ஆறிப்போயிற்று. மாப்பிள்ளையின் அம்மா என்னைவிட அதிகமாக அழுதார். எங்கள் கல்யாணத்தில் பொன்னுச்சாமி அண்ணனைக் கையைப் பிடித்து இழுத்துப்போய் முதல் பந்தியில் உட்கார வைத்ததும் அதே தாய்மாமன்தான்.

இன்றைக்கும் வெங்காயம் அரிந்துவிட்டு நான் கண்ணைத் துடைத்தால் போதும், கூடத்திலிருந்து மாமியார் குரல் வரும்: "ஜன்னல்ல ஆருன்னு பாருங்கடா! உள்ள கூட்டியாந்து காப்பி குடுங்க!"