வெடிப்பு வாசலுக்கு வந்த கதை

அளவெடுக்கும் வேலையில் இருப்பவன் தான் பிறந்த தேயிலைத் தோட்டத்தில் மட்டும் அளக்கக் கூடாது. இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். (பட்டும் திருந்தவில்லை என்பது வேறு விஷயம்.)

படிப்பை முடித்துவிட்டு, மண்சரிவு அபாய வரைபடம் தயாரிக்கும் திட்டமொன்றில் தற்காலிகமாக ஒட்டிக்கொண்டிருந்த நேரம். இலங்கை மலையகத்தில், வட்டவளைப் பக்கம் எங்கள் தோட்டத்தில், தொழிலாளர் வரிசைக் குடியிருப்பான மேல் லயத்துக்குப் பின்னால் மலை நீளமாக வெடித்திருந்தது. பெருமழைக்கு முன் அந்த லயத்துச் சனங்களை இறக்கியாக வேண்டும். வெடிப்பு நெடுகச் சிவப்புக் கொடி குத்தினேன். இடத்தைப் பதியும் ஜி.பி.எஸ். கருவி மறுநாள்தான் கிடைக்கும் என்றார்கள்.

வேடிக்கை பார்க்கக் கூடி நின்றவர்களிடம், "கொடி உள்ள எடம் அபாயம். அங்க இருக்கிறவங்களுக்குத்தான் மொதல்ல வீடு" என்று பெரிய மனிதத் தோரணையில் விளக்கினேன். பரம்பரையாக ஒற்றை அறைக் காம்பராவில் இருப்பவர்களிடம் சொல்கிற பேச்சா அது!

மறுநாள் எனக்கு அட்டைக்கடி, முழங்கால் வலி, எழுந்து நிற்கவே அலுப்பு. கருவியை அக்காவிடம் கொடுத்து, "ஒவ்வொரு கொடிகிட்டயும் நின்னு இந்தப் பொத்தான அமுக்கு" என்றேன். போன வேகத்தில் திரும்பி வந்தாள். அப்போதாவது சந்தேகப்பட்டிருக்கலாம். கெட்டிக்காரி என்று மெச்சிவிட்டு மறுபடி போர்த்திக்கொண்டேன்.

திட்ட அதிகாரிகள் கூட்டத்தில் வரைபடத்தைத் திரையில் போட்டேன். வெடிப்பு கீழே இருக்கும் எங்கள் லயத்தில் வாசல் வாசலாக நின்று, கக்கூசைச் சுற்றிக்கொண்டு, கோயில் வரை போயிருந்தது.

"மல்லி, இந்த வெடிப்பு வீடு வீடா ஓட்டுக் கேக்கப் போகுதா?" என்றார், என்னைத் தம்பி என்று சிங்களத்தில் அழைக்கும் அதிகாரி. எல்லோரும் சிரித்தார்கள். மேல் லயத்துப் பக்கம் ஒரு புள்ளிகூட இல்லை.

வீட்டுக்கு ஓடிவந்து அக்காவிடம் கத்தினேன்.

"கொடி இருக்கிற எடத்துல அமுக்கச் சொன்ன, அமுக்கினேன். நம்ம வாசல்ல இருந்ததையும் சேத்துத்தான்" என்றாள்.

"நம்ம வாசல்ல யாரு குத்துனது?"

அம்மா அடுப்பைப் பார்த்தபடி சொன்னார்: "எல்லாரும் கொடியப் புடுங்கிட்டு வந்து அவங்கவங்க வாசல்ல குத்துனாங்க. நாங்க மட்டும் சும்மா இருக்கவா?"

எனக்குக் கோபம் வரவில்லை. அழுகைதான் வந்தது.

மழையில் நானே தவழ்ந்து ஏறி மறுபடி அளந்தேன். மேல் லயத்துச் சனங்களைப் பாடசாலைக்கு இறக்கினார்கள். அந்த மழையிலேயே மலை சரிந்தது. ஆட்கள் தப்பினார்கள், பிறகு அவர்களுக்கு வீடும் கிடைத்தது. எங்கள் லயம் எந்தப் பட்டியலிலும் வரவில்லை.

இன்றும் அதே காம்பராவுக்கு விருந்தாளி யார் வந்தாலும், நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று கேட்டால், தேத்தண்ணியை நீட்டிக்கொண்டே அம்மா முந்திக்கொள்வார்: "மலையவே வாசலுக்குக் கொண்டாந்தவன். வீட்டத்தான் கொண்டாரத் தெரியல."