கேட்காமல் போட்ட கண்ணீர் அஞ்சலி

மதுரையில் எது நடந்தாலும், போஸ்டர் அண்ணன் அதற்கொரு போஸ்டர் செய்யும்வரை அது நடந்ததாகவே ஆகாது. காதுகுத்து, கடைதிறப்பு, கட்சித்தாவல், காலமாதல் எல்லாமே வில்லாபுரத்தில் இருந்த அவருடைய பிளக்ஸ் கடையின் கணினியில் ஒருமுறை பிறந்த பிறகே ஊருக்குள் நடமாடின. பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்திருக்க வேண்டும். ஆனால் அவருடைய மனைவியே, "போஸ்டரு சாப்பிட வருதா, இல்ல மூடி வைக்கவா" என்று கேட்டு நான் கேட்டிருக்கிறேன்.

இவருடைய மகள் எங்கள் பகுதிச் சிறுமியர் கால்பந்து அணியில் இருந்தாள். பெரும்பாலும் மாற்று ஆட்டக்காரியாகக் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்திருப்பாள். என் மகளும் அதே அணி. அதனால் செயலாளர் பொறுப்பும், பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவை மேய்க்கும் வேலையும் என் தலையில் விழுந்தன. நான் கல்லூரி நூலகர். சத்தம் போடும் மாணவர்களை ஒரு பார்வையில் அடக்கிவிடுவேன். போஸ்டர் அண்ணனிடம் அந்தப் பார்வை செல்லுபடியாகவில்லை.

அவருடைய மகள் ஒருநாள் களமிறங்கி ஒரே ஒரு முறை, கோட்டுக்கு வெளியே போன பந்தை எடுத்து ஆட்டத்துக்குள் எறிந்தாள். அன்று மாலையே 'வில்லாபுரத்தின் விடிவெள்ளியே' என்று போஸ்டர் வந்தது. குழந்தையின் முழுப்பெயர், பள்ளி, வகுப்பு, பயிற்சிக்கு வரும் நேரம், எந்தத் தெரு வழியாக நடந்து வருவாள் என்பது வரை அதில் இருந்தது. முகநூல், இன்ஸ்டா, டீக்கடைக் குழு எல்லாவற்றிலும் அதைப் போட்டிருந்தார்.

"அண்ணே, ஒரு சின்னப் பிள்ளை எத்தனை மணிக்கு எந்தத் தெருவுல தனியா நடந்து வருதுன்னு முகம் தெரியாதவங்களுக்கெல்லாம் சொல்லலாமா?"

"தெரியணும்ல மேடம். ஊருக்குத் தெரிஞ்சாத்தான பேரு வாங்கும்?"

அடுத்து நடுவரிடம் வந்தார். ஸ்கூட்டரில் வந்து ஊதிவிட்டுப் போகும் கல்லூரி மாணவி அவள். எங்களுக்கு எதிராக ஒரு பெனால்டி கொடுத்ததற்காக, 'மாபெரும் கண்டனம்' என்ற தலைப்பில் அவளுடைய படம் வெளியானது. இனி வரமாட்டேன் என்று அந்தப் பெண் சொன்னதும், நான் அண்ணனை மன்னிப்புக் கேட்கச் சொன்னேன். கேட்டார். 'ஆழ்ந்த வருத்தம்' என்ற போஸ்டரில், முன்னதைவிடப் பெரிதாக அவளுடைய படத்தைப் போட்டு.

பொறுமையிழந்து, சமூக ஊடகத்தில் நாம் எப்படி நடந்துகொள்வது என்று ஏழு விதிகளை எழுதிக் குழுவில் இட்டேன். கால் மணி நேரத்தில் அவை போஸ்டராகத் திரும்பி வந்தன. முதல் விதி, பிள்ளைகளின் படங்களைக் கேட்காமல் வெளியிடக் கூடாது என்பது. அந்த வரியைச் சுற்றிப் பதினான்கு பிள்ளைகளின் படங்கள். உச்சியில் நான், தலைக்குப் பின்னால் ஒளிவட்டத்தோடு.

"இம்புட்டு அழகா எழுதியிருக்கீங்க. சும்மா எழுத்தா போட்டா எவன் மேடம் படிப்பான்?" என்றார்.

இவையெல்லாம் முன்னுரைதான். எங்கள் கோல்கீப்பரின் கதைக்கு வருகிறேன். அவளுடைய பெயரை இங்கே எழுதப்போவதில்லை. பதின்மூன்று வயது, நீளமான கைகள், அதிகம் பேசாத பிள்ளை. நான்கு அணிகள் மோதிய ஒரு போட்டியின் முதல் ஆட்டத்தில், கடைசி நிமிடம் பந்து அவளுடைய கையில் பட்டு வழுக்கி உள்ளே போனது. தோற்றோம். அடுத்த ஞாயிறு பரவையில் இரண்டாம் ஆட்டம். அதிலும் தோற்றால் வெளியே. எங்களிடம் வேறு கீப்பர் கிடையாது.

அன்று மாலை அண்ணன் தம் துயரத்தைத் தமக்குத் தெரிந்த ஒரே வழியில் வெளியிட்டார். 'கண்ணீர் அஞ்சலி' என்று பெரிய எழுத்து. நடுவில் அழுதுகொண்டிருந்த கோல்கீப்பரின் படம். அதைச் சுற்றி மாலை, இருபுறமும் குத்துவிளக்கு, கீழே அவள் பெயர். 'கைநழுவிப் போன எங்கள் வெற்றிக்கு' என்ற வரி எறும்பளவில் ஓர் ஓரமாக ஊர்ந்துகொண்டிருந்தது.

மறுநாள் காலை சோழவந்தானிலிருந்து ஒரு வேன் நிறைய உறவினர்கள் மாலையோடு வந்து இறங்கினார்கள். பிரஷ்ஷும் நுரையுமாகக் கதவைத் திறந்தவள் அந்தப் பெண்தான்.

மாரில் அடிப்பதற்காக ஓங்கிய கையோடு அத்தைக்காரி நின்றுவிட்டாள். "ஏத்தா, இருக்கியா நீயி?"

"இருக்கேன் அத்தை. வாங்க."

"அப்ப இந்த மாலைய என்ன செய்யிறது?" என்றார் பின்னாலிருந்த மாமா. விலை கொடுத்து வாங்கியவரின் வருத்தம் அவருக்கு.

இந்த இடம்வரை நானும் சிரித்தேன். அதே திங்கட்கிழமை பள்ளியில் நடந்ததைக் கேட்டபோது சிரிப்பு நின்றது. வகுப்பு முழுவதும் அந்தப் படம் சுற்றியிருந்தது. அவளுடைய பெஞ்சில் யாரோ ஊதுபத்தி செருகி வைத்திருந்தார்கள். இனி மைதானத்துக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு, கையுறைகளை என் வீட்டில் கொடுத்துவிட்டுப் போனாள்.

போஸ்டர் அண்ணனை அவளுடைய வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனேன். வாசலிலேயே நின்றார்.

"மன்னிச்சிரும்மா. அம்புட்டையும் அழிச்சிட்டேன்."

"உங்க போன்ல அழிச்சிட்டீங்க மாமா. எங்க கிளாஸ்ல எல்லார் போன்லயும் இருக்கு."

அண்ணன் சட்டைப்பையிலிருந்து கைப்பேசியை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே வைத்தார்.

"உங்க போட்டோவுக்கு மாலை போட்டு யாராச்சும் ஊரெல்லாம் அனுப்பியிருக்காங்களா? எப்புடி இருக்கும்னு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாதும்மா" என்றார்.

மறுநாள் காலை அவருக்கு இருந்த அத்தனை குழுக்களிலும் ஒரு போஸ்டர் வந்தது. கண்ணீர் அஞ்சலி. மாலை, குத்துவிளக்கு, நடுவில் போஸ்டர் அண்ணன். கீழே, எறும்பளவு எழுத்தில், 'கேட்காமல் படம் போடும் என் புத்தி இன்று காலமானது.'

எறும்பைப் படிக்கும் பழக்கம் அவருடைய உறவிலும் யாருக்கும் இல்லை. மேலூரிலிருந்து இரண்டு வேன்கள் வந்தன. பிளக்ஸ் கடைக்காரர்கள் கடையடைத்துவிட்டுக் கூடினார்கள். அண்ணன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "இருக்கேன் மாப்ள, இருக்கேன்" என்று மத்தியானம்வரை சொல்லிக்கொண்டிருந்தார். சிலர் திட்டினார்கள். மச்சினன் சட்டையைப் பிடித்தார். அவருடைய மனைவி அன்று அடுப்புப் பற்றவைக்கவில்லை.

"உசுரோட இருக்குற மனுசன் மாலையப் போட்டுக்குறாரே, என்னய நெனச்சுப் பாத்தாரா மேடம்?" என்று என்னிடம் அழுதார். அப்போதுதான் அண்ணனின் முகம் மாறியது. மனைவியின் அருகில் போய் உட்கார்ந்தார். "இப்பத் தெரியிது" என்று மட்டும் சொன்னார்.

சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டு அழைப்பு மணி அடித்தது. கோல்கீப்பர். "ஆன்ட்டி, என் கிளவுஸ் இருக்கா?"

பரவையில் ஒரு கோல் விட்டாள், நாங்கள் இரண்டு அடித்தோம். ஆட்டம் முடியும்வரை அண்ணன் கைப்பேசியை மனைவியின் பையில் போட்டுவிட்டு, இரண்டு கைகளையும் அக்குளில் அடக்கியபடி நின்றார். பிறகு மெதுவாக அவளிடம் போனார்.

"படம் போடலாமாம்மா?"

அவள் கையுறைகளைக் கழற்றி நீட்டினாள். "கிளவுஸ மட்டும் போடுங்க. பேரு வேணாம், ஸ்கூலு வேணாம்."

"ஒளிவட்டம்?"

"வேணாம் மாமா."

புழுதி படிந்த இரண்டு கையுறைகளை நாற்பது கோணங்களில் எடுத்தார்.

இப்போது அவர் கடையைத் திருப்பூருக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டார். எங்கள் குழுவில் விதிகள் ஏழும் ஒழுங்காக நடக்கின்றன. ஞாயிறுகளில் அங்கே ஒரு சத்தமும் இல்லை. ஏழாவது விதிப்படி, பழைய படங்களையெல்லாம் என் கைப்பேசியிலிருந்து அழித்துவிட்டேன். ஒன்றைத் தவிர. அதில் மாலைக்கும் குத்துவிளக்குகளுக்கும் நடுவில் போஸ்டர் அண்ணன் சிரித்துக்கொண்டிருக்கிறார். அவரிடம் கேட்டுவிட்டுத்தான் வைத்திருக்கிறேன்.