ஃபுமிகாவுக்கு ஜாமீன் வேண்டி

கவாகுச்சி,
மார்ச் 11

அன்புத் தம்பி தோகுஜிக்கு,

மார்ச் பாதி ஆகப்போகிறது, குளிர் விட்டபாடில்லை. இங்கே பிளம் மரங்கள் பூத்துவிட்டன. யொகோத்தேயில் நீ இன்னும் கூரைப் பனியைத் தள்ளிக்கொண்டுதான் இருப்பாய். ஏணியில் ஏறும்போது கீழே யாரையாவது நிறுத்திக்கொள். நீ அனுப்பிய புகை போட்ட முள்ளங்கி ஊறுகாய் வந்து சேர்ந்தது. யோஷியே படத்துக்கு முன்னால் இரண்டு துண்டு வைத்துவிட்டுத்தான் நாங்கள் தொட்டோம். உன் அண்ணி இருந்திருந்தால் இந்தக் கடிதத்தை அவள்தான் எழுதியிருப்பாள், இதில் பாதி நீளத்தில்.

விஷயத்துக்கு வருகிறேன். இத்துடன் ஒரு விண்ணப்பம் இருக்கிறது. பென்சிலால் வட்டம் போட்டிருக்கும் இடத்தில் கையெழுத்தாக உன் பதிவு செய்த முத்திரையை வைத்து, நகராட்சியில் முத்திரைச் சான்றிதழ் ஒன்றும் வாங்கி, இருபதாம் தேதிக்குள் என் கைக்குக் கிடைக்கும்படி அனுப்பு. ஃபுமிகாவுக்கு நீ ஜாமீன் நிற்க வேண்டும். இருபது தாண்டினால் வீடு வேறு ஆளுக்குப் போய்விடும். எங்கள் கட்டடத்தை ஜூனில் இடிக்கிறார்கள் என்று புத்தாண்டு அட்டையிலேயே எழுதியிருந்தேன். இடிக்கிற கம்பெனிக்காரர்கள் போன வாரம் வீடு வீடாக வந்து, ஆளுக்கொரு கைத்துண்டு பரிசாகக் கொடுத்து, சத்தமும் தூசும் வரும், மன்னிக்கணும் என்று குனிந்து கும்பிட்டுவிட்டுப் போனார்கள். யாருக்குச் சத்தம்? நாங்கள்தான் இருக்க மாட்டோமே. ஜூலை மாதம் என் மகள் எங்கே படுப்பாள் என்று நினைத்தால் சோறு இறங்கவில்லை, தோகுஜி.

இவளுக்கு எதற்கு ஜாமீன் என்று நீ கேட்பாய். இருபத்தொன்பது வயதுப் பெண், படித்தவள், பொறுப்பானவள். எல்லாம் சரி. ஆனால் இரண்டு வருஷத்துக்கு முன்னால் வேலையை விட்டாளே, அதன் பலன் இது. மின்சாரச் சோற்றுப் பானை, கெண்டி எல்லாம் வாங்கினால் கூடவே ஒரு சின்னப் புத்தகம் வரும் இல்லையா, அதில் ஒரு கை பொத்தானை அமுக்குவதுபோல் படம் இருக்கும் இல்லையா, அந்தக் கையை வரைவது இவள். முன்பு ஒரு கம்பெனியின் மேசையில் உட்கார்ந்து வரைந்தாள். மாதம் பிறந்து இருபத்தைந்து ஆனால் சம்பளம். இப்போது அதே கையை என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து வரைகிறாள். சம்பளம் எந்தத் தேதியில் வரும் என்று அவளுக்கே தெரியாது. பஸ் கம்பெனியில் நாற்பத்தொரு வருஷம் கால அட்டவணை போட்டவன் நான். வருகிற நேரம் தெரியாத எதையும் என்னால் சகிக்க முடியாது.

ஆனாலும் இரண்டு வருஷம் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். வீடு மாற்ற மூட்டை கட்டும்போது அவள் அலமாரியிலிருந்து ஒரு பச்சை அட்டைப் புத்தகம் விழுந்தது. தனியாகத் தொழில் தொடங்கும் இளைஞர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை என்று தலைப்பு. அதைக் குளியல் தொட்டிக்கு எடுத்துக்கொண்டு போனேன். வெந்நீரில் உட்கார்ந்திருந்தவனுக்குக் குளிர்ந்துவிட்டது. முதல் அத்தியாயமே என்ன சொல்கிறது தெரியுமா? வாடகை வீடு, கடன் அட்டை எல்லாவற்றுக்கும் வேலையில் இருக்கும்போதே கையெழுத்துப் போட்டுவிடுங்கள், விலகிய மறுநாள் உங்களை யாருக்கும் தெரியாது என்கிறது. இரண்டாவது, கைக்கு வரும் பணத்தில் மூன்றில் ஒரு பங்கு உங்களுடையது இல்லை, வரிக்குத் தனியாக எடுத்து வையுங்கள் என்கிறது. மூன்றாவது, ஒரே இடத்தை நம்பி இருக்காதீர்கள், அது மூடினால் நீங்களும் மூடுவீர்கள் என்கிறது. நான்காவது, நீங்கள் படுத்தால் சம்பளமும் படுத்துவிடும் என்கிறது. இதை எழுதியவர் பின் அட்டையில் சிரித்துக்கொண்டிருக்கிறார். எப்படிச் சிரிக்க வருகிறது என்று எனக்குப் புரியவில்லை. ஒவ்வொரு அத்தியாயத்திலும் பயமுறுத்துகிற வரியை மட்டும் குறித்துக்கொண்டு, மற்றதைத் தள்ளிவிட்டு, ஒரே வாரத்தில் படித்து முடித்தேன்.

அன்று முதல் என் பாடு திண்டாட்டம். அவள் தும்மினால் நான் இஞ்சி தட்டுகிறேன். அவள் ஸ்ட்ராபெரி வாங்கி வந்தால் அதில் மூன்றில் ஒரு பங்கு வரி அலுவலகத்துடையது என்று எனக்குத் தோன்றுகிறது. ஒருநாள் யாரோ தொலைபேசியில் விலை கேட்டார்கள். இவள் ஒரு தொகையைச் சொன்னாள். தோகுஜி, அவ்வளவு பெரிய தொகையை யார் கொடுப்பார்கள்? சொல்லிவிட்டு இவள் பேசவே இல்லை. அந்தப் பக்கமும் சத்தம் இல்லை. சுவர்க் கடிகாரம் மட்டும் ஓடுகிறது. நான் கதவுக்கு வெளியே தேநீர்த் தட்டோடு நிற்கிறேன். தாங்க முடியாமல் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், "கொஞ்சம் கொறைச்சுக்கலாம்னு சொல்லும்மா" என்று காதில் கிசுகிசுத்தேன். அவள் ஒரு விரலைத் தூக்கினாள். அப்புறம் "ரொம்ப நன்றிங்க, அப்ப ஒப்பந்தத்தை அனுப்பி வைங்க, வந்ததும் ஆரம்பிக்கறேன்" என்று வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"அப்பா, விலை சொன்னதுக்கு அப்புறம் வாயை மூடிக்கணும். முதல்ல பேசறவங்கதான் எறங்கி வருவாங்க. புத்தகத்துல படிக்கலையா?"

"படிச்சேன். பயமா இருந்துச்சு."

"எனக்கும்தான் இருக்கு. அதுக்காகப் பேசிட முடியுமா?"

இதோடு நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. மூன்றாவது அத்தியாயம் மண்டையைக் குடைந்துகொண்டே இருந்தது. இவளுக்கு அதிகம் வேலை கொடுப்பவர் ஒரு சோற்றுப் பானைக் கம்பெனியின் பிரிவுத் தலைவர், சுகுதா என்று பெயர். அவர் கையை விட்டுவிட்டால் இவள் கதி என்ன? ஒரு தகப்பன் நேரில் போய் நாலு வார்த்தை மரியாதையாகச் சொன்னால் நல்லதுதானே என்று நினைத்தேன். யோஷியேவின் காரியத்துக்கு வாங்கிய கறுப்பு சூட்டை எடுத்துப் போட்டுக்கொண்டேன். என்னிடம் நல்லதாக இருப்பது அது ஒன்றுதான். ரயில் நிலையக் கடையில் கனமான பயறு இனிப்புப் பெட்டி ஒன்று வாங்கிக்கொண்டு, சொல்லாமல் கொள்ளாமல் போய், தொண்ணூறு பாகை குனிந்து, "என் மகளால உங்களுக்கு எவ்வளவோ சங்கடம். தயவு செஞ்சு பெரிய மனசு பண்ணணும்" என்றேன். காலம் காலமாக எல்லோரும் சொல்கிற வார்த்தைதானே. நிமிர்ந்து பார்த்தால் சுகுதாவின் முகத்தில் ரத்தமே இல்லை.

உனக்கே இந்நேரம் புரிந்திருக்கும். கறுப்பு சூட், கனமான பெட்டி, முன்னறிவிப்பு இல்லாமல் வருகை, ஆழமான கும்பிடு, எல்லாம் மன்னிப்புக் கேட்க வருபவனின் கோலம். ஆள் எதற்கு வந்திருக்கிறான் என்று இந்த நாட்டில் யாரும் கேட்க மாட்டார்கள். என் மகள் ஏதோ பெருந்தவறு செய்துவிட்டாள், அதைச் சொல்ல முகமில்லாமல் அப்பாவை அனுப்பியிருக்கிறாள் என்று அவர் முடிவு கட்டிவிட்டார். அச்சுக்குப் போன புத்தகத்தை நிறுத்தி, ஆறு பேரை உட்காரவைத்து, இவள் வரைந்த கை ஒவ்வொன்றிலும் விரல்களை எண்ணச் சொல்லியிருக்கிறார். எல்லாக் கையிலும் ஐந்துதான் இருந்தது. ஒன்றும் கிடைக்காததும் பயம் இன்னும் அதிகமாகிவிட்டதாம். கடைசியில் இவள் ஒரு பெட்டி வாங்கிக்கொண்டு போய், என் அப்பா மன்னிப்புக் கேட்டதற்கு மன்னிக்கவும் என்று கும்பிட வேண்டியதாயிற்று. திரும்பி வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே உட்கார்ந்தாள்.

"அப்பா, ஒரு உதவி பண்ணுங்க. இனிமே எனக்கு உதவி பண்ணாதீங்க."

அதற்கப்புறம் பதினாறு நாளாகச் சுகுதாவிடமிருந்து ஒரு அழைப்பும் இல்லை. நான் எண்ணிக்கொண்டுதான் இருக்கிறேன்.

இந்த நிலையில்தான் வீட்டுத் தரகர் வந்தார். ஹனாவா என்று பெயர், முப்பது வயது இருந்தால் அதிகம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரே கட்டடத்தில் இரண்டு சின்ன வீடு காலி. 302 ஃபுமிகாவுக்கு, தரைத்தளத்தில் 102 எனக்கு. அந்த ஏற்பாடு அவளுடையது. ஆளுக்கொரு கதவு இருந்தால்தான் இரண்டு பேரும் நல்லபடியாக இருப்போம் என்றாள், பயறு இனிப்புக்கு முன்னாலேயே சொல்லிவிட்டாள். தங்கமான பையன் இந்த ஹனாவா. "சார், உடம்பெல்லாம் எப்படி இருக்கு? பிரஷர் ஏதாவது? தினமும் யாராச்சும் வந்து எட்டிப் பார்ப்பாங்களா?" என்று என்னை அவ்வளவு கரிசனமாக விசாரித்தான். இந்தக் காலத்தில் வயதானவர்களை யார் இப்படிக் கேட்கிறார்கள்? ஃபுமிகா தொலைபேசி வந்து எழுந்து வெளியே போனாள். உடனே அவன் பல்லிடுக்கில் காற்றை இழுத்தான். கழுத்தைச் சாய்த்தான். சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"வீட்டுக்கார அம்மாவுக்கு... ஒரு சின்னத் தயக்கம் சார். மாசாமாசம் சம்பளம் வர்ற சொந்தக்காரங்க யாராச்சும் ஜாமீன் நின்னா... கொஞ்சம் வசதியா இருக்கும்."

மேற்கொண்டு அவனைப் பேசவைத்துச் சங்கடப்படுத்த எனக்கு மனம் வரவில்லை. புரிந்துவிட்டது, பார்த்துக்கொள்கிறேன் என்றேன். குடிவருபவர் பெயரை நாங்களே நிரப்பிக்கொள்கிறோம், முத்திரை வந்தால் போதும் என்று உறையைக் கொடுத்துவிட்டுப் போனான். நான் ஜாமீன் நிற்கலாம் என்றால் ஓய்வூதியக்காரனை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். இன்னும் மாதச் சம்பளம் வாங்கும் உன்னை விட்டால் யார் இருக்கிறார்கள்? இது எதுவும் ஃபுமிகாவுக்குத் தெரியாது. தெரிந்தால் குன்றிப்போவாள். சுகுதாவும் போய், வீடும் போய், என் மகள் மூட்டையோடு தெருவில் நிற்பதுபோல எனக்குக் கண்ணை மூடினாலே தெரிகிறது.

இன்னொன்று. இந்தக் காலத்துப் பையன்களுக்கு வேலையில் கவனமே கிடையாது. விண்ணப்பத்தில் வீட்டு எண்ணை 102 என்று போட்டிருந்தான். அது என்னுடையது. நான் அதை இரண்டு கோடு போட்டு அடித்து, மேலே 302 என்று எழுதி, முறைப்படி என் திருத்த முத்திரையையும் வைத்திருக்கிறேன். நீ அதைப் பார்த்துக் குழம்பாதே.

உடம்பைப் பார்த்துக்கொள். சாயங்காலம் ஒரு கிண்ணத்துக்கு மேல் குடிக்காதே. யோஷியேவுக்கு ஊதுவத்தி ஏற்றும்போதெல்லாம் உன் பெயரையும் சொல்கிறேன். உன் முத்திரைக்கு வழி பார்த்துக்கொண்டிருக்கும்,

உன் அண்ணன்
இசோபே மசாதோஷி

பின்குறிப்பு: முத்திரை வேண்டாம். விண்ணப்பத்தையும் இத்துடன் வைக்கவில்லை. உறையை ஒட்டப் பசை தேடிக்கொண்டிருந்தபோது ஃபுமிகா வந்து மேசைமேல் இருந்த விண்ணப்பத்தைப் பார்த்துவிட்டாள். ரொம்ப நேரம் அந்தத் திருத்தத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"302-க்கு போன மாசமே கையெழுத்தாச்சேப்பா. ரெண்டு வருஷ வரிக் கணக்கும் பேங்க் புத்தகமும் காட்டினேன். வீட்டுக்காரம்மா டீ குடுத்து அனுப்பினாங்க."

"சுகுதாதான் கூப்பிடவே இல்லையே?"

"அவர் இல்லாம இன்னும் நாலு பேர் இருக்காங்க. அவரும் ஏப்ரல்ல கூப்பிடுவார், மார்ச்சுல கணக்கு முடிக்கற நேரம் இல்லையா."

"அப்ப இந்த ஜாமீன் யாருக்கு?"

"உங்களுக்குப்பா."

சொல்லிவிட்டு, விலை சொன்ன அன்றைக்குப் போலவே வாயை மூடிக்கொண்டாள். நான்தான் முதலில் பேசினேன். இறங்கியும் வந்தேன். அறுபத்தேழு வயதில் தனியாக இருக்கும் ஆண் என்றால் வீட்டுக்காரர்களுக்குப் பயமாம். உள்ளே ஏதாவது ஆகி, நான்கு நாள் கழித்துத் தெரியவந்தால் என்ன செய்வது என்கிற பயம். ஒரு மாதமாக நான் ஊரைக் கண்டு நடுங்கிக்கொண்டிருக்கிறேன், தோகுஜி, முன்பின் தெரியாத ஒரு அம்மாள் என்னைக் கண்டு நடுங்கிக்கொண்டிருக்கிறார்.

ஃபுமிகா என் 302-ஐ அடித்தாள். பக்கத்தில் மறுபடி 102 என்று எழுதினாள். என் திருத்த முத்திரைக்குப் பக்கத்தில் தன்னுடையதை வைத்தாள். ஜாமீன் நிற்பவர் பெயர் இசோபே ஃபுமிகா. உறவு, மகள். தொழில், சுயதொழில். மாதச் சம்பளக்காரர் இல்லையே, ஒப்புக்கொள்வார்களா என்று கேட்டேன். வீட்டுக்காரம்மாவிடம் நேரிலேயே பேசிவிட்டாளாம். தினமும் காலை எட்டு மணிக்கு இறங்கி வந்து 102 கதவைத் தட்டுவதாக எழுதிக் கொடுத்திருக்கிறாள். அந்த அம்மாளுக்கு அது போதுமாம். எனக்கும் வருகிற நேரம் தெரிந்தால் போதும்.

உனக்கு அடுத்த மார்ச்சோடு வேலை முடிகிறது. நகராட்சிக் குடியிருப்பைக் காலி செய்ய வேண்டும். தனிக்கட்டை வேறு. இது எனக்கு இப்போதுதான் உறைத்தது. ஃபுமிகாவிடம் சொன்னேன். சித்தப்பாவை வேலையில் இருக்கும்போதே வீட்டுக்குக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள் என்று பச்சைப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தாள். அதைத்தான் அனுப்புகிறேன். முதல் அத்தியாயத்தை மறக்காமல் படி.

உறையில் போடுவதற்கு முன்னால் புரட்டிப் பார்த்தேன். ஐந்தாவது அத்தியாயத்தில் நான் படிக்காமல் தள்ளிவிட்ட பக்கங்களில் ஒரு கட்டம் இருக்கிறது. உங்களை நம்பி இருப்பவர்களின் பெயரை இங்கே எழுதுங்கள், அவர்களையும் சேர்த்து ஆறு மாதச் செலவுக்குச் சேமித்த பிறகு வேலையை விடுங்கள் என்று போட்டிருக்கிறது. அதில் பென்சிலால் அவள் கையெழுத்து, இரண்டு வருஷத்துக்கு முந்தைய தேதி. முதல் வரியில் அப்பா. அதற்குக் கீழே, யொகோத்தே சித்தப்பா.

ஏணியில் ஏறாதே, தோகுஜி.