முகிலன் துரும்பைக் கிள்ளக்கூடாது

"எந்திரிடா! முதல்ல அந்தக் கல்லாவை விட்டு எந்திரி!"

துபாய் கராமாவில் தான் குடியிருக்கும் கட்டடத்தின் கீழ்த்தளத்து மளிகைக் கடை வாசலில் நின்று சேதுமாதவன் கத்தியபோது, கல்லாவில் உட்கார்ந்திருந்த முகிலன் மாம்பழ ஜூஸை நிதானமாக உறிஞ்சிக்கொண்டிருந்தான்.

"கடைக்காரர் ஹசன் பாய் தொழப் போயிருக்காரு மாமா. வர்ற வரைக்கும் சும்மா உக்காரச் சொன்னாரு."

"சோபாவுல உக்காந்தா சும்மா. கல்லாவுல உக்காந்தா அது வேலை! உன் விசாவுல வேலை பார்க்கலாம்னு போட்டிருக்கா?"

"அரபில இருக்கு மாமா."

முகிலன் சேதுமாதவனின் மனைவி ஷியாமளாவின் அண்ணன் மகன். திருச்சியில் இன்ஜினியரிங் படிப்பவன். ஒரு செமஸ்டருக்கு மட்டும் எக்ஸ்சேஞ்ச் விசாவில் துபாய்க் கல்லூரிக்கு வந்திருக்கிறான். 'உள்ளூர்ப் பொறுப்பாளர்' என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டவர் சேதுமாதவன். போட்ட அன்று பெருமையாகத்தான் இருந்தது. மறுநாள் ஆபீஸில் பக்கத்து சீட் ஸ்ரீனிவாசன் வாயைத் திறந்தார்.

"படிக்க வந்த பையன் பெர்மிட் இல்லாம வேலை பார்த்தான்னு வைங்க, அவனை ஊருக்கு அனுப்பிடுவான். கையெழுத்துப் போட்டவரையும் துணைக்கு அனுப்புவான்."

ஸ்ரீனிவாசனுக்குத் தெரியாத சட்டமே கிடையாது. அவற்றில் சில இன்னும் இயற்றப்படவில்லை என்பது வேறு விஷயம். சேதுமாதவனோ வண்டியே வராத ரோட்டிலும் பச்சை விளக்குக்காகக் காத்து நிற்கிறவர். பையன் பாதியில் திரும்பிப்போனால் அவன் அப்பாவான மச்சான் கௌரிசங்கர் ஒன்றும் சொல்ல மாட்டார். ஷியாமளா சொல்லுவாள். ஆயுள் முழுவதும் சொல்லுவாள்.

முகிலனை மேலே இழுத்து வந்து கதவைச் சாத்தினார். மூச்சு வாங்கி முடிப்பதற்குள் மணி அடித்தது. கடைப்பையன் ஒரு அட்டைப்பெட்டி ஜூஸை நீட்டினான்.

"பாய் குடுக்கச் சொன்னாரு."

"கூலியா? சாட்சியோட கூலியா? எடுத்துட்டுப் போ, யல்லா!"

பெட்டி போனது. சற்று நேரத்தில் ஹசன் அலியே வந்தார். கையில் இரண்டு பெட்டி, மேலே பேரீச்சம்பழம்.

"கோவிச்சுக்கிட்டீகளா சேது சார்? ஒரு பொட்டி பத்தலையாக்கும்! தம்பி தங்கமான புள்ள. நாளைக்கும் அனுப்பி வைங்க."

லிப்டில் நின்றிருந்த அத்தனை பேரும் கேட்டார்கள். இனி மூடி மறைக்க முடியாது. சேதுமாதவன் யோசித்து, யோசித்து, கட்டடத்து வாட்ஸப் குழுவில் ஒரு அறிவிப்புப் போட்டார்:

'அன்பு நண்பர்களே, எங்கள் வீட்டில் இருக்கும் முகிலன் யாருக்கும், எந்த வேலையும் செய்ய மாட்டான் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்.'

முதல் பதில் மேல்மாடி நாகவள்ளியிடமிருந்து வந்தது. 'மனசைத் தளர விடாதீங்க சார். எங்க வீட்டிலும் ஒருத்தர் அப்படித்தான் இருக்கார்.'

அதற்கப்புறம் கட்டடமே இரக்கப்பட்டது. வேலையில்லாத பையனாம், பாவம், மாமன் வாய்விட்டு அழுதுவிட்டாராம் என்று ஆளாளுக்கு வேலை தேடக் கிளம்பினார்கள். ஒருவர் டைப்பிங் சென்டர் என்றார். இன்னொருவர் ஓமான் நாட்டு சோஹாரில் தெரிந்த கம்பெனி இருக்கிறது, வண்டியில் ஏற்றிவிட்டால் போதும் என்றார். நாகவள்ளி நேரிலேயே வந்து ஷியாமளாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "சார் மனசு ஒடிஞ்சு போகாமப் பாத்துக்கங்க."

முகிலன் உள்ளூர்த் தொடர்புக்கு மாமாவின் நம்பரைக் கொடுத்து வைத்திருந்ததால், போன்களும் அவருக்கே வந்தன. ஒரு கப்பல் சரக்குக் கம்பெனி திரும்பத் திரும்பக் கூப்பிட்டது. "முகிலன் எப்ப ஜாயின் பண்றார்?"

"அவன் படிக்க வந்தவன்யா! ஜாயினும் கிடையாது, மண்ணும் கிடையாது. கலாஸ், முடிஞ்சுது!"

போனை வைத்துவிட்டு சேதுமாதவன் பல்லைக் கடித்தார். "எல்லாம் அந்த நாகவள்ளியம்மா பண்ற வேலை."

சோபாவில் படுத்திருந்த முகிலன் பெருமூச்சு விட்டான். "என்னால உங்களுக்கு எவ்வளவு தொந்தரவு மாமா."

அன்று ஷியாமளா சமையலறையிலிருந்து குரல் கொடுத்தாள். "முகிலா, இந்தக் குப்பைப் பையக் கொஞ்சம் கீழ போட்டுட்டு வந்துடேன்."

முகிலன் மாமாவைப் பார்த்தான். "போகட்டுமா மாமா? லிப்டுல கேமரா இருக்கு. எனக்கு ஒண்ணுமில்ல, உங்க கையெழுத்தை நெனச்சாத்தான்..."

சேதுமாதவன் பாய்ந்து பையைப் பிடுங்கிக்கொண்டார். அன்று குப்பை. மறுநாள் தண்ணீர் கேன். பால்கனிக்கு எதிரே ஜன்னல்கள் இருந்ததால் துணி உலர்த்துவதும் அவரிடம் வந்தது. முகிலனின் சட்டைக்கு அவரே இஸ்திரி போட்டார்.

"ஏங்க, சட்டம் உங்களை மட்டும் வேலை பாக்கச் சொல்லுதா?" என்றாள் ஷியாமளா.

"எங்கிட்ட வேலை விசா இருக்குல்ல!"

"காலர் இன்னும் கொஞ்சம் மடங்கியிருக்கு மாமா," என்றான் முகிலன். "பரவால்ல, நான் பொறுத்துக்கிறேன்."

அந்தச் சரக்குக் கம்பெனி மறுபடி கூப்பிட்டது. "அவர் வராவிட்டால் கல்லூரிக்குப் புகார் எழுத வேண்டியிருக்கும்" என்றது. சேதுமாதவன் நேரே ஸ்ரீனிவாசனிடம் ஓடினார். யாரோ பையன் பெயரில் எங்கோ வேலைக்கே சேர்த்துவிட்டார்கள் போலிருக்கிறது!

"அவங்க எழுதறதுக்கு முன்னாடி நீங்களே போய்க் காலேஜ்ல சொல்லிடுங்க," என்றார் ஸ்ரீனிவாசன்.

அரை நாள் லீவு போட்டுவிட்டு, "கிளம்புடா" என்றார் சேதுமாதவன்.

முகிலனுக்கு முதல்முறையாக முகம் மாறியது. "எதுக்கு மாமா இந்த வெயில்ல? அவங்க ரொம்ப பிஸி."

"உனக்கு ஒண்ணும் ஆகாது. நான் இருக்கேன்ல? நீ படுத்துக்க, நானே போயிட்டு வர்றேன்."

கல்லூரியின் எக்ஸ்சேஞ்ச் பிரிவில் பிருந்தா என்ற இளம்பெண் இருந்தாள். பாலக்காட்டுப் பக்கத் தமிழ் என்று பேச்சிலேயே தெரிந்தது. சேதுமாதவனுக்குப் பாதி உயிர் வந்தது. நாற்காலி நுனியில் உட்கார்ந்து, நெஞ்சில் கை வைத்து, பெட்டி ஜூஸிலிருந்து குப்பைப் பை வரை ஒன்று விடாமல் சொன்னார்.

"சத்தியமா சொல்றேன் மேடம், அவன் எங்கயும் வேலை பார்க்கல. என் பொறுப்புல இருக்கிற வரைக்கும் துரும்பைக்கூடக் கிள்ளிப்போட விடமாட்டேன். எந்தக் கம்பெனி என்ன புகார் எழுதினாலும் நம்பிடாதீங்க. பையனைத் திருப்பி மட்டும் அனுப்பிடாதீங்க."

பிருந்தா தன் கம்ப்யூட்டரைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"அப்போ, அந்தக் கம்பெனிக்காரங்க போன் பண்றப்பல்லாம் முகிலன் வரமாட்டான்னு சொல்லி வச்சது நீங்கதானா சார்?"

"நானேதான்!" என்றார் சேதுமாதவன், முதுகை நிமிர்த்திக்கொண்டு.

"சார், அது படிப்போட பயிற்சிக்காக நாங்களே பெர்மிட் எடுத்துச் சேர்த்துவிட்ட கம்பெனி, அங்க வேலை பார்க்கலைன்னாதான் திருப்பி அனுப்புவோம். முதல் நாளே முகிலன்கிட்ட சொன்னோமே, 'மாமா ரொம்பப் பயந்தவரு, அவருக்கு நானே பக்குவமா எடுத்துச் சொல்லிக்கிறேன்'னாரே?"