பொங்கி வழிந்த ஞாயிற்றுக்கிழமைகள்

இனிமேல் பீரை வீட்டிலேயே காய்ச்சுவது என்று முடிவு செய்தேன்.

நெஞ்சுவலிக்குப் பிறகு டாக்டர் வாரத்துக்கு ஒரு கிளாஸ்தான் என்று சொல்லியிருந்தார். நான் அதை ஒரு பாட்டில் என்று திருத்திக்கொண்டேன். என் மனைவி நீலாம்பாள் ஒன்றும் சொல்லவில்லை. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். கல்யாணமாகி இவ்வளவு காலமாகியும் அந்தப் பழக்கம் எனக்குப் போகவில்லை.

ரங்கூன் லான்மடா கடைத்தெருவில் மால்ட்டும் ஈஸ்ட்டும் வாங்கி, தாமுவே பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டுச் சமையலறையில் காய்ச்சி, ஆறவைத்து, நொதிக்கவிட்டு, பெரிய பாட்டில்களில் அடைத்தேன். ஞாயிற்றுக்கிழமை குளித்துவிட்டு வந்து ஒன்றைத் திறந்தேன். நுரை கூரையைப் பார்க்கக் கிளம்பியது. லுங்கி நனைந்தது. காலண்டர் நனைந்தது. எல்லாம் அடங்கியபோது பாட்டிலின் அடியில் ஏதோ கொஞ்சம் மிச்சம் இருந்தது.

"மீ போயிருந்துச்சுங்க," என்றாள் நீலாம்பாள். ரங்கூனில் கரண்ட்டை நாங்கள் மீ என்றுதான் சொல்வோம். "ஃப்ரிட்ஜு சூடாயிருக்கும்."

நம்பினேன். இந்த ஊரில் சோறு குழைந்தாலும் பிள்ளை ஃபெயிலானாலும் பழி மீ மேல்தான். அது வந்து மறுக்கப்போவதில்லை.

அடுத்த வாரம் ஒரு பெட்டியில் ஐஸ் நிரப்பி, பாட்டிலை அதற்குள் வைத்தேன். பொங்கியது.

"சர்க்கரை கூடிப்போச்சோ?" என்றாள், தரையைத் துடைத்துக்கொண்டே.

நியாயமான சந்தேகம். அடைக்கும்போது போடும் சர்க்கரைதான் பாட்டிலுக்குள் வாயுவாகிறது. அடுத்த முறை பாதியாகக் குறைத்தேன். பொங்கியது. நொதித்து முடிவதற்குள் அடைத்தாலும் பொங்கும் என்று படித்தேன். பொறுமையாகக் காத்திருந்து அடைத்தேன். என் பொறுமையும் சேர்ந்து பொங்கியது.

கடைசியில் ஒரு பாட்டிலை எதிர்வீட்டு கோ துன்னிடம் கொடுத்து, அவர் வீட்டிலேயே திறக்கச் சொன்னேன். மறுநாள் மாடிப்படியில் பார்த்தேன்.

"நுரை வந்துச்சா?"

"அளவா வந்துச்சு. அடுத்தது எப்போ?"

"முழு பாட்டிலையுமா குடிச்சீங்க?"

"பின்னே, செடிக்கா ஊத்துவாங்க?"

அப்படியானால் பீரில் குற்றமில்லை. கோளாறு என் வீட்டில்தான்.

ஞாயிற்றுக்கிழமை குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு, கதவிடுக்கில் கண்ணை வைத்தேன். நீலாம்பாள் வந்தாள். ஐஸிலிருந்து பாட்டிலை எடுத்தாள். துண்டில் சுற்றினாள். வளையலை முழங்கைப் பக்கம் ஏற்றிவிட்டு, மேலும் கீழுமாகக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினாள். பிறகு, தூங்கும் பிள்ளையைக் கிடத்துவதுபோல் பழைய இடத்திலேயே வைத்தாள்.

"நீலா!"

அவள் பதறவில்லை. "முதல்ல குழாயை மூடுங்க. டேங்கு காலியாயிடும்."

"ஏன் குலுக்கினே?"

"டாக்டர் எவ்வளவு குடிக்கச் சொன்னாரு?"

"ஒரு கிளாஸ்."

"பொங்கி அடங்கினப்புறம் பாட்டில்ல எவ்வளவு நிக்கும்?"

யோசித்தேன். ஒரு கிளாஸ்.

"நான் சொன்னா சண்டைக்கு வருவீங்க. பாட்டில் சொன்னா ஆராய்ச்சி பண்றீங்க." வளையலைக் கீழே இறக்கிவிட்டாள். "ஆஸ்பத்திரி வராந்தாவுல ஒருதடவை ஒத்தையா உக்காந்துட்டேன். இன்னொரு தடவை என்னால முடியாதுங்க."

உள்ளே போய்க் குழாயை மூடிவிட்டு வந்தேன். ஆனாலும் ரோஷம் என்று ஒன்று இருக்கிறதே.

"இனிமே குலுக்கக் கூடாது," என்றேன்.

"சரிங்க. குலுக்க மாட்டேன்."

அவள் அவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொண்டபோதே நான் பயந்திருக்க வேண்டும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மூடி மரியாதையாகத் திறந்தது. ஒரு சொட்டு சிந்தவில்லை. வெற்றிக் களிப்போடு நிமிர்ந்தால், மேசையில் இரண்டு கிளாஸ்கள்.

"யாராவது வர்றாங்களா?"

அவள் பாட்டிலை என் கையிலிருந்து வாங்கினாள். எனக்கு ஒரு கிளாஸ் அளவாக ஊற்றினாள். இன்னொரு கிளாஸை நிரப்பிக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். பாட்டிலையும் தன் பக்கமே வைத்துக்கொண்டாள்.

"நுரை குடிச்ச பங்கை இனிமே நான் குடிக்கிறேன்."

ஒரு மடக்கு விழுங்கினாள். முகம் சுளிப்பாள் என்று ஆவலோடு காத்திருந்தேன்.

"நல்லாத்தாங்க இருக்கு. அடுத்த தடவை கூடுதலாவே காய்ச்சுங்க. எனக்கு டாக்டர் ஒண்ணும் சொல்லலையே."