பாதஞானி பிடுங்கிய பொறாமை முள்

உலக மக்கள் அனைவருக்கும் ஓர் அதிமுக்கிய அறிவிப்பு! மனிதகுலம் காத்துக் கிடந்த மகான், சலவைக்கடை மாடியில், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் எழுந்தருளியிருக்கிறார். மற்ற ஞானிகள் எல்லாம் மேலே மேலே போனார்கள். இவர் ஒருவர்தான் நமக்காக இறங்கி, நேரே கால் கட்டைவிரலுக்கு வந்துவிட்டார். பெயர் பாதஞானி.

கட்டைவிரல் நகம் சதைக்குள் வளர்ந்து வீங்கினால், அது நகமே இல்லையாம். அடுத்தவர் பொறாமையாம். கண்ணிலிருந்து புறப்பட்டு, தரையில் ஊர்ந்து வந்து, நக ஓரத்தில் முள்ளாகக் குத்தி உட்காருமாம். காது, மூக்கு என்று எத்தனையோ இடம் இருக்க, விரலோடு ஏன் நின்றது என்று கேட்காதீர்கள். பொறாமைக்கும் மூட்டுவலி இருக்கலாம்.

படிக்கட்டு முழுக்க நொண்டிக் கூட்டம். வங்கி அதிகாரி, பேராசிரியர் எல்லாரும் ஒரு காலில் செருப்பு, மறு காலில் சாக்ஸும் பக்தியும். ஞானி சாக்ஸைக் கழற்றவே விடமாட்டார். வெறுங்காலைக் கண்டால் முள் வெட்கப்பட்டு உள்ளே போய்விடுமாம். கண்ணை மூடுவார், சாக்ஸின் மேல் விரலை ஓட்டுவார், "ஹும்!" என்பார். கையில் கறுப்பு முள்! கூடவே, "அனுப்பினது உன் இடப்பக்கத்து வீடு" என்று விலாசமும் சொல்வார். அந்த வட்டாரத்தில் இடப்பக்கத்து வீட்டோடு பேசுகிறவர்கள் இப்போது யாருமில்லை.

இந்தக் கூட்டத்தில் ஒரு தையற்காரி. மிஷினை மிதிக்கும் வலது காலில் சீழ், உடம்பில் சர்க்கரை. ஷூ கடையில் விற்பனையாளரான கணவர்தான் அழைத்து வந்தவர். இரண்டு முள் எடுத்தாயிற்று. ஒவ்வொரு முள்ளுக்கும் கணவர் பூரித்தார், விரலும் பூரித்தது.

தையற்காரியைப் பார்க்க வந்த அவள் அண்ணன் பதறிப்போனார்.

"முள்தான் வந்துடுச்சே மாப்பிள்ளை, வீக்கம் ஏன் போகல?"

"நம்மமேல பொறாமை ஜாஸ்தி மச்சான். ஒவ்வொண்ணாத்தான் வரும்."

"டாக்டர்கிட்ட காட்டலாமில்ல?"

"மூணாவது முள் வர்றதுக்குள்ள மருந்து பட்டா விரலே போயிடும்னு சொல்லிட்டாரு."

"விரல் போனா மிஷினை யாருண்ணே மிதிக்கிறது?" என்று தையற்காரி அழுதாள்.

அண்ணனுக்கு வலது முழங்காலுக்குக் கீழே செயற்கைக் கால். அசலை எப்போதோ ஒரு தொழிற்சாலை இயந்திரம் வாங்கிக்கொண்டது.

"முதல்ல இந்த ரப்பர் காலைக் காட்டறேன். இதுலயும் முள் எடுத்தார்னா, தங்கச்சி நேரா ஆஸ்பத்திரிக்கு வருவா. சம்மதமா?"

கணவர் சிரித்தார். "அவருக்குத் தெரியாததா? தொட்டதுமே கண்டுபிடிச்சு உங்களைத் துரத்திடுவாரு பாருங்க!"

மாடியில் அண்ணன், சாக்ஸ் மாட்டிய ரப்பர் காலை நீட்டினார். ஞானி தொட்டார். கால் ஜில்லென்றிருந்தது. ஞானத்துக்கு அதெல்லாம் உறைக்காது.

"ராத்திரியெல்லாம் விண்ணு விண்ணுன்னு தெறிக்குதா?"

"அதை ஏன் கேக்கறீங்க!"

"ஹும்!" வந்தது முள், விரல் நீளத்துக்கு. கூட்டம் வாயைப் பிளந்தது.

"எலும்பு வரைக்கும் இறங்கியிருக்கு. சமீபத்துல புதுசா என்ன வாங்கினே? அதுல யாரோ கண் வச்சிருக்காங்க."

"காலைத்தான் வாங்கினேன்" என்ற அண்ணன், பேண்ட்டைச் சுருட்டி, காலைக் கழற்றி, ஞானியின் மடியில் வைத்தார். "எலும்பு எந்தப் பக்கம்னு எனக்கும் கொஞ்சம் காட்டுங்கய்யா."

"ரப்பர் மேலயுமா பொறாமை?" என்றார் வங்கி அதிகாரி, மெதுவாக.

ஞானி துள்ளி எழுந்தார். சட்டைக் கை மடிப்பிலிருந்து முட்கள் பொலபொலவென்று உதிர்ந்தன. ஓடும் அவசரத்தில் ஒன்றை அவரே மிதித்தார். அந்த மாடியில் ஒரு பாதத்துக்குள் முள் ஏறியது அதுதான் முதல் தடவை.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் விரலைப் பார்த்தார். "நகத்தை மூலையெல்லாம் வளைச்சு வெட்டினது யாரு?"

"நான்தாங்க. அழகா இருக்கட்டும்னு…" என்றாள் தையற்காரி.

"இந்த ஊசிமுனை ஷூவைக் குடுத்த புண்ணியவான்?"

கணவர் கூரையை ஆராய்ந்தார்.

டாக்டர் விரலை மரத்துப்போகச் செய்து, குத்திய நகத் துண்டை எடுத்து, சீழைச் சுத்தம் செய்தார். "சர்க்கரை வேற. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா விரலை எடுத்திருப்போம்." விரல் பிழைத்தது. மிஷின் மறுபடி ஓடுகிறது.

பேராசிரியர் மட்டும் இன்றும் சொல்கிறார்: "அவர் போலிதான். ஆனா எனக்கு எடுத்த முள் நிஜம்." ஐயா, காலைக் கழற்றிக் காட்டியாகிவிட்டது. இனி எதைக் கழற்றினால் தலை வேலை செய்யும்?

நகம் வளரும். நேராக வெட்டுங்கள். அவ்வளவுதான்.