ஞாயிற்றுக்கிழமைக் காப்பிக்காரர்

உலகத்தில் காப்பி குடிக்கிறவர்கள் உண்டு. காப்பியை விட்டுவிட்டேன் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டே குடிக்கிறவர்கள் உண்டு. அடுத்தவர் வீட்டில் மட்டும் குடிக்கிறவர்களும் உண்டு. நாம் இப்போது பார்க்கப்போவது இந்த மூன்றிலும் சேராத நான்காவது இனம். இவர் காப்பியைத் தேடிப் போகிறவர். பிழைப்புக்காகப் புதிதாக ஒரு நாட்டுக்குப் போவார். போன இரண்டாவது வாரமே அந்த ஊர்க் காப்பிக்கு மதிப்பெண் போட ஆரம்பித்துவிடுவார். பள்ளிக்கூடத்தில் இவருக்கு யாரும் தாராளமாக மதிப்பெண் போட்டதில்லை. அந்தக் கோபமோ என்னவோ, இவரும் எந்தக் கடைக்கும் பத்துக்கு எட்டைத் தாண்டமாட்டார்.

நம்முடைய எழிலனையே எடுத்துக்கொள்ளுங்கள். செஞ்சிக்காரர். அப்பா சுந்தரமூர்த்தி மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பயிரிடுகிறவர். பிள்ளை வியட்நாமில், ஹனோய் நகரத்துக்கு வெளியே, கைப்பேசிக்கு உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையில் தரப் பரிசோதகர். வாரத்தில் ஆறு நாள் கண்ணாடிச் சில்லில் கீறல் இருக்கிறதா என்று விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். ஏழாவது நாள் அதே கண்ணோடு காப்பியைப் பார்ப்பார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் குளித்து, தலைவாரி, கோவிலுக்குப் போவதுபோல் கிளம்பி, இணையத்தில் யாரோ போட்ட பட்டியலில் பதினேழாவதாக உள்ள கடையைத் தேடி, மூன்று பஸ் மாறி, எறும்புச் சாரிபோல வரும் மோட்டார் சைக்கிள்களுக்கு நடுவே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு சாலையைக் கடந்து, ஒரு ஆள் போனால் இன்னொரு ஆள் ஒதுங்க வேண்டிய சந்துக்குள் நுழைந்து, யார் வீட்டுத் துணியோ காயும் மாடிப்படியில் மூன்று தளம் ஏறி, முழங்கால் முகவாயில் இடிக்கும் குட்டி ஸ்டூலில் உட்கார்ந்து மூச்சு வாங்குவார். அவர் ஏன் அவ்வளவு தூரம் போகிறார்? கீழே, பஸ் நின்ற இடத்திலேயே நல்ல காப்பிக்கடை இருக்கிறது. ஆனால் அங்கே சுற்றுலாப் பயணிகள் வருவார்கள். "இது டூரிஸ்ட் போற கடை இல்ல, லோக்கல் ஆளுங்க மட்டும் போற கடை" என்பது இந்த இனத்தின் மூல மந்திரம். மேலே அந்தக் கடையில் எட்டுப் பேர் உட்கார்ந்திருப்பார்கள். எட்டுப் பேரும் வெளிநாட்டுக்காரர்கள். ஒவ்வொருவரும் மற்ற ஏழு பேரைப் பார்த்து, இங்கேயும் டூரிஸ்ட் வந்துவிட்டானே என்று முகம் சுளித்துக்கொண்டிருப்பார்.

முட்டைக் காப்பி வரும். உப்புக் காப்பி வரும். தேங்காய்க் காப்பி வரும். உடனே குடித்துவிடுவாரா? நல்ல கதை. கோப்பையை இடப்பக்கம் நகர்த்தி ஒரு படம், சன்னல் வெளிச்சத்தில் ஒரு படம், பின்னால் பாசி படிந்த ஓட்டுக்கூரை தெரிய ஒரு படம். பிறகு கண்ணை மூடி ஒரு மடக்கு. பிறகு தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, காதுக்குள் தண்ணீர் புகுந்தவர் மாதிரி சற்று நேரம். பிறகு குடும்ப வாட்ஸாப் குழுவில் செய்தி: "உப்புக் காப்பி. பாடி, அதாவது திடம், நல்லா இருக்கு, ஆஃப்டர்டேஸ்ட் கொஞ்சம் கம்மி. 7.5/10. இதெல்லாம் நம்மூர்ல கனவுலகூட கிடைக்காது."

அதோடு சரி. அந்த ஒரு மடக்குக்கு அப்புறம் அவர் கோப்பையைத் தொடமாட்டார். ஏனென்றால், இதை உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள், எழிலனுக்குக் காப்பியே ஆகாது. குடித்தால் நெஞ்செரிச்சல், ராத்திரி தூக்கம் வராது. அவர் பிறவியிலேயே டீக்காரர். நூடுல்ஸ் சூப்புக்கும் இதே கதிதான்: படம், ஒரு கரண்டி, "ப்ராத் அருமை", காசு, எழுந்திரு. அறைக்குத் திரும்பியதும் குக்கரில் அரை ஆழாக்கு அரிசி. அம்மா வள்ளியம்மாள் கட்டிக் கொடுத்த புளிக்காய்ச்சல் பாட்டிலிலிருந்து ஒரு கரண்டி. நின்றபடியே, குக்கர் பாத்திரத்திலிருந்தே சாப்பிடுவார். அதற்குப் படமும் கிடையாது, மதிப்பெண்ணும் கிடையாது.

பிறகு எதற்கு இந்த அலைச்சல் என்று கேட்பீர்கள். அந்த அறையில் ஞாயிற்றுக்கிழமை பத்து மணியை நீங்கள் பார்த்ததில்லை. தமிழில் ஒரு வார்த்தை பேச ஆளில்லை. சுவரில் மாட்டிய கடிகாரம்கூட அந்த வீட்டுக்காரருடையது. தனியாக அறையில் உட்கார்ந்திருக்கிறவனைத் தனியாள் என்பார்கள்; கோப்பையோடு கடையில் உட்கார்ந்திருந்தால் ரசிகர் என்பார்கள். அவ்வளவுதான் விஷயம். அவர் தவித்துப் போயிருந்தார்.

எழிலனுக்குக் கல்யாணமாகி ஒன்றரை வருஷம். மனைவி மணிமொழி செஞ்சியில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். அவர் ஒரு வருஷம் லீவு போட்டுவிட்டு ஹனோய்க்கு வந்துவிட வேண்டும் என்பது எழிலனுடைய ஒரே ஆசை. "நீ இல்லாமல் முடியவில்லை, வா" என்று நாலு வார்த்தை எழுதியிருந்தால் முடிந்திருக்கும். ஆனால் இந்த இனத்துக்கு அந்த நாலு வார்த்தை வராது; லீவு கிடைக்குமா என்று போனில் பட்டும் படாமலும் விசாரிப்பதோடு சரி. அதற்குப் பதிலாக, ஊர் எவ்வளவு அழகு பார் என்று ஆசை காட்டினால் தானே கிளம்பி வந்துவிடுவாள் என்று கணக்குப் போட்டு, முப்பத்துநாலு ஞாயிற்றுக்கிழமைகள் விடாமல் கோப்பை கோப்பையாக அனுப்பிக்கொண்டிருந்தார்.

புரட்டாசியில் பதினாலு நாள் லீவில் வந்தார். வந்த அன்று சாயங்காலமே, ஏதோ நினைவு வந்தவர்போல் கேட்டார்.

"மேட்ரன்கிட்ட லீவு விஷயம் பேசினியா, மணி? அடுத்த வாரம் வெள்ளிக்கிழமைக்குள்ள லெட்டர் குடுத்தா தான விசா வேலை ஆரம்பிக்க முடியும்?"

மணிமொழி துணி மடித்துக்கொண்டே சொன்னார்: "நான் எதுக்குங்க? நீங்க தான் அங்க ஜோரா இருக்கீங்களே. வாராவாரம் ஒரு கடை, வகைவகையா காப்பி. நான் வந்தா பாஷையும் தெரியாம உங்க பின்னாடியே சுத்திக்கினு, உங்களுக்குத்தான் தொந்தரவு. நான் இங்கயே டூட்டி பாத்துக்கினு இருக்கறேன்."

மீனைப் பிடிக்கப் போட்ட தூண்டில் தன் சட்டையிலேயே மாட்டிக்கொண்டது. வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்திலேயே உண்மையைச் சொல்லியிருப்பார்கள். நம்மவர் என்ன செய்தார் தெரியுமா? தூண்டில் சின்னதாகிவிட்டது போலிருக்கிறது, இன்னும் பெரிதாகப் போடலாம் என்று முடிவு செய்தார்.

மறுநாள் காலை, வீட்டுக்கே ஹனோய் காப்பியைக் காட்டுகிறேன் என்று அடுப்பங்கரைக்குள் நுழைந்து முட்டையை உடைக்கப் போனார். வள்ளியம்மாள் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"புரட்டாசி மாசத்துல முட்டையா? அதுவும் காப்பியிலயா? யாருக்குடா ஒடம்பு சரியில்ல?"

முட்டைக் காப்பி கைவிடப்பட்டது. பெட்டியிலிருந்து துளைபோட்ட சின்னத் தகர வடிகட்டி வெளியே வந்தது. அதைக் கோப்பையின் தலைமேல் உட்காரவைத்து, தூளைப் போட்டு, வெந்நீர் ஊற்றி, "இனிமே அவசரப்படக் கூடாது, துளித்துளியா தான் இறங்கும்" என்று அறிவித்தார். குடும்பமே சுற்றி நின்றது. ஒரு துளி விழுந்தது. எல்லோரும் பார்த்தார்கள். வெகு நேரம் கழித்து இன்னொன்று விழுந்தது. அனந்தபுரம் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. கரண்ட் போய் வந்தது. சுந்தரமூர்த்தி குனிந்து வடிகட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"நம்ம மல்லாட்டைக் கொல்லியில போர் போட்டப்பகூட இதவிட சீக்கிரம் தண்ணி வந்துச்சேடா."

"நைனா, இதான் அதோட அழகு."

"அழகு இருக்கட்டும். அதுக்குள்ள நான் போயி மல்லாட்டைக்கு மருந்தடிச்சிட்டு வந்துடறேன்."

உண்மையாகவே போய்விட்டார். அடித்துவிட்டு வந்தபோது காப்பி ஆறிப்போய், அரைக் கோப்பைகூட நிரம்பாமல் இருந்தது. எழிலன் அதற்கு ஏழு மதிப்பெண் போட்டார். வேறு யாரும் எதுவும் போடவில்லை.

இப்படியே ஒன்பது நாள் ஓடியது. மணிமொழியிடம் அந்த லெட்டரைப் பற்றிய பேச்சே இல்லை. வியாழக்கிழமை வந்துவிட்டது, மறுநாள் தாண்டினால் இன்னொரு வருஷம் இதே குக்கர், இதே புளிக்காய்ச்சல். மதியம் டூட்டி முடிந்து வந்த மணிமொழியை, கடைசி முயற்சியாக, பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பச்சைமுத்துவின் டீக்கடைக்கு அழைத்துப் போனார்.

"இந்தக் கடைய பத்தி யாருக்கும் தெரியாது, மணி. டூரிஸ்ட் வர்ற கடை இல்ல. லோக்கல் ஆளுங்க மட்டும் வர்ற கடை."

பச்சைமுத்து பாய்லருக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டினார். "வேற எவன் தம்பி வருவான் இங்க?"

எழிலன் இந்தக் கடையில் பள்ளிக்கூட நாளிலிருந்து டீ குடித்தவர். ஆனால் இன்றைக்கு முதல்முறை வந்தவர்போல் பெஞ்சைத் தடவிப் பார்த்தார், பாய்லரைச் சுற்றிப் பார்த்தார், வெந்நீர் தொண்ணூற்றிரண்டு டிகிரியைத் தாண்டினால் தூளின் குணம் கெட்டுவிடும் என்று பச்சைமுத்துவுக்கு விளக்கினார்.

"அண்ணே, எத்தினி டிகிரில கொதிக்க வைக்கறீங்க?"

"வாயில வச்சா ஐயோன்னு அலறணும் தம்பி. அதான் டிகிரி. இல்லன்னா ஜனங்க திட்டுவாங்க."

டீ வந்தது. எழிலன் கண்ணாடி டம்ளரை பெஞ்சின் ஓரத்துக்கு நகர்த்தினார். பின்னால் ராஜகிரி மலை தெரிய வேண்டும். தெரிந்தது, ஆனால் திண்டிவனம் பஸ் குறுக்கே வந்து நின்றது. பஸ் போனது, ஒரு ஆடு வந்தது. ஆடு போனது, டீயின் மேல் ஆடை படிந்துவிட்டது. பதினோராவது படத்தில் திருப்தி வந்து போனைச் சட்டைப்பைக்குள் வைத்தார். டம்ளரை எடுத்தார்.

அப்புறம்தான் அவருக்கே தெரியாமல் அந்தக் காரியம் நடந்தது. இரண்டே மடக்கில் டீ காலி. கண்ணை மூடவில்லை, தலையைச் சாய்க்கவில்லை. "அண்ணே, இன்னொண்ணு" என்றார். அதுவும் போனது. "இன்னொண்ணு." மூன்றாவது டம்ளரின் அடியில் தங்கியிருந்த சர்க்கரையை விரலால் வழித்து நக்கிக்கொண்டிருந்தபோதுதான் நிமிர்ந்து பார்த்தார். மணிமொழி அவரைப் பார்க்கவில்லை. வரிசையாக நின்ற மூன்று காலி டம்ளர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு தன் போனை எடுத்தார். குடும்பக் குழுவைத் திறந்து, விரலால் மேலே தள்ளித் தள்ளிக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இன்னாங்க. இது மொத்தம் முப்பத்திநாலு ஞாயித்துக்கிழமை. ஒண்ணுலயாவது கப்பு கொறைஞ்சிருக்குதா பாருங்க."

"குடிக்கறதுக்கு முன்னாடி தான எல்லாரும் எடுப்பாங்க."

"சரி. எதிர்ல ஒரு ஸ்டூலு இருக்குதே, எல்லாத்துலயும். அதுல ஒரு நாளாவது யாராவது உக்காந்திருக்காங்களா?"

எழிலன் மலையைப் பார்த்தார்.

"எங்க வார்டுல எந்த பேஷண்டைக் கேட்டாலும் நல்லா சாப்ட்டேம்மான்னு தான் சொல்லுவாங்க. தட்டைத் தெறந்து பாத்தா வச்சது வச்ச மாதிரியே இருக்கும். வாயைக் கேட்டு நாங்க எழுதறதில்லைங்க. தட்டைப் பாத்துதான் எழுதறது." போனை மடியில் கவிழ்த்து வைத்தார். "எட்டு மாசமா உங்க தட்டை நான் பாக்கவேயில்ல பாருங்க. நான் ஒரு நர்ஸு! சொல்லுங்க, அங்க இன்னா தான் சாப்பிடறீங்க?"

"புளிக்காய்ச்சல்."

"தினமுமா?"

"ஞாயித்துக்கிழமைன்னா கூட ஒரு அப்பளம்." அதற்குமேல் அவரால் சமாளிக்க முடியவில்லை. "தனியா முடியல மணி. ரூம்ல உக்காந்தா பைத்தியம் புடிக்கிற மாதிரி இருக்குது. நீ வருவேன்னுதான் நல்ல நல்ல போட்டோவா எடுத்து அனுப்பினேன்."

"அதப் பாத்துதாங்க நான் வரலன்னேன்!" மணிமொழிக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது, டீக்கடை என்பதால் இரண்டையும் அடக்கிக்கொண்டார். "உங்களுக்கு நான் தேவையில்லைன்னு நெனச்சிக்கினு எத்தினி நாள் நான்... வான்னு ஒரு வார்த்தை சொல்றதுக்கு இன்னா கேடு உங்களுக்கு?"

பச்சைமுத்து கேட்காமலேயே நாலாவது டீயையும், மணிமொழிக்கு ஒன்றையும் கொண்டுவந்து வைத்தார்.

"இன்னா தம்பி, நம்ம டீக்கு எத்தினி மார்க்கு?"

எழிலன் வாயைத் திறந்தார். ஒரு எண்ணும் வரவில்லை. வியட்நாமில் முப்பத்துநாலு கடைக்கு வரிசைக்கிரமமாக மதிப்பெண் போட்ட மனிதர், அந்த நாலாவது டம்ளரை எடுத்து ஊதி ஊதிக் குடித்தார். பிறகு மணிமொழி பக்கம் திரும்பி, எட்டு மாதமாகச் சொல்லாமல் வைத்திருந்ததை ஒருவழியாகச் சொன்னார்.

"வந்துடேன், மணி."

வெள்ளிக்கிழமை காலை லெட்டர் மேட்ரன் மேசைக்குப் போனது. ஒரு நிபந்தனையோடுதான்: இனிமேல் வெளியே போனால், குடித்து முடித்த பிறகுதான் போட்டோ.

மூன்று மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஹனோயிலிருந்து குடும்பக் குழுவுக்குப் படம் வந்தது. எழிலன் போனில் மணிமொழி எடுத்தது. ஓரத்தில் அவருடைய விரல் விழுந்திருந்தது. வெளிச்சம் போதவில்லை. ஒரு குட்டி மேசைமேல் இரண்டு கோப்பைகள், இரண்டும் காலி. ஒன்றில் காப்பிக் கசடு, மற்றொன்றில் டீ இலை. மதிப்பெண் இல்லை, பாடி இல்லை, ஆஃப்டர்டேஸ்ட் இல்லை. சற்று நேரத்தில் சுந்தரமூர்த்தியின் குரல் செய்தி செஞ்சியிலிருந்து வந்து சேர்ந்தது:

"இன்னாடா தம்பி, நல்லா தான போட்டோ எடுத்துக்கினு இருந்த? குடிச்ச கிளாஸைக் கழுவாம எடுத்து அனுப்பியிருக்கறியே!"

நீங்கள் சிரிக்கிறீர்கள். உங்களுக்கென்ன, ஹனோய்க்கா போனீர்கள்? சரி, சிங்கப்பூரோ துபாயோ பெங்களூரோ, எங்கேயோ ஒரு ஊரில் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கிளம்பி நல்ல கடை தேடி அலைந்ததே இல்லையா? கோப்பையை வெளிச்சத்துக்கு நகர்த்தி வைத்ததே இல்லையா? ஒரே ஒரு சோதனை செய்து பாருங்கள். போனைத் திறந்து, அதில் எத்தனை நிறைந்த கோப்பை, எத்தனை காலிக் கோப்பை என்று எண்ணுங்கள். அப்படியே எதிர் நாற்காலியையும் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள். இதை எழுத உட்காருவதற்கு முன் நானும் என் போனைப் பார்த்தேன். என்ன இருந்தது என்று உங்களுக்குச் சொல்லமாட்டேன். முதலில் வீட்டுக்கு ஒரு போன் போட வேண்டியிருக்கிறது.